மொறிஸ் மைனர் எஞ்சின்: எதுவென்று அறிந்த பிறகு மேம்படுத்துங்கள்

60 வருடம் ஓடிய ஒரு மொறிஸ் மைனரில், தொழிற்சாலையில் பூட்டிய எஞ்சின் அப்படியே இருப்பது அபூர்வம். பதிவுப் புத்தகத்தில் 948 சிசி என்று பதிந்திருக்கும், உள்ளே 1098 சிசி இருக்கும். புளொக் ஒரு வருடத்தினது, ஹெட் இன்னொரு காரினது, காபரேற்றர் மூன்றாவது ஒன்றினது. யாழ்ப்பாணத்தில் இது இன்னும் ஒரு படி கூட. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் இவை. கிடைத்த பாகத்தைப் போட்டு ஓடவைப்பதுதான் அப்போது வேலை. அதனால் இந்தக் காருக்கு சாமான் வாங்க முதல் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உள்ளே இருப்பது எது என்று ஒவ்வொரு பாகமாகப் பார்த்து எழுதுவது. இதைத் தவிர்த்துவிட்டு வாங்கிய கிளச் தட்டும் பிஸ்டன் செற்றும் பூட்டமுடியாமல் அலுமாரியில் கிடப்பதுதான் வழமை.

இந்தக் குடும்பத்தின் அளவுகள்

1948இல் வந்த முதல் மைனரில் இருந்தது 918 சிசி சைட்வால்வ் எஞ்சின். அதற்கும் பின்னர் வந்தவற்றுக்கும் ஒரு பாகமும் பொருந்தாது. இந்த வழிகாட்டியில் அது இல்லை. 1952–53 மாற்றத்துக்குப் பிறகு மைனரில் பூட்டப்பட்டவை எல்லாம் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கோப்பறேசன்) ஏ-சீரிஸ் எஞ்சின்கள்:

- 803 சிசி: போர் (சிலிண்டரின் விட்டம்) 58 மிமீ, ஸ்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 76.2 மிமீ. 1952 முதல் 1956 வரை.
- 948 சிசி: போர் 62.9 மிமீ, ஸ்ரோக் 76.2 மிமீ. 1956இல் மைனர் 1000 உடன் வந்தது, 37 குதிரை வலு.
- 1098 சிசி: போர் 64.6 மிமீ, ஸ்ரோக் 83.7 மிமீ. 1962 முதல் கடைசி வரை, 48 குதிரை வலு.
- 1275 சிசி: போர் 70.6 மிமீ, ஸ்ரோக் 81.3 மிமீ. மைனரில் தொழிற்சாலை பூட்டவில்லை. எம்ஜி மிட்ஜெற், மொறிஸ் மரீனா 1.3 போன்றவற்றில் இருந்து கழற்றிப் பூட்டப்படுவது.

வெளியில் இருந்து பார்த்தால் நான்கும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பெயின்ற் நிறத்தை நம்பவேண்டாம். பச்சை டின் கடையில் கிடைக்கும்.

அடையாளம் காணும் ஒழுங்கு

முதலில் இலக்கத் தகடு. சாரதிப் பக்கம், டைனமோவுக்கு மேலே, புளொக்கின் மேல் விளிம்பில் ஒரு சிறிய தகடு றிவெற் அடித்திருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தால் எழுத்துத் தெரியும். 803க்கு ஏபிஎச்எம், தொடக்ககால 948க்கு ஏபிஜேஎம், பிந்திய 948க்கு 9எம், 1098க்கு 10எம்ஏ என்று தொடங்கும். நடுவில் வரும் யூ என்ற எழுத்து கியர் லீவர் நடுவில் இருப்பதைக் குறிக்கும். பின்னால் வரும் எச் கூடிய கம்பிரெஷன், எல் குறைந்த கம்பிரெஷன். எல் என்றால் பிஸ்டனின் தலை வேறு. பிறகு கம்பிரெஷன் கணக்குப் போடும்போது இது முக்கியம்.

தகடு இல்லாமலும் இருக்கும், பொய்யும் சொல்லும். பிஎம்சி நிறுவனமே திருத்தி மாற்றிக்கொடுத்த ‘கோல்ட் சீல்’ எஞ்சின்களில் வேறு மாதிரியான இலக்கம் இருக்கும். அதனால் அடுத்ததாக புளொக்கின் இடது பக்கத்தைப் பாருங்கள். மானிபோல்ட்டுக்குக் கீழே, நடுவில் ஒவ்வொரு போல்ட்டால் பிடித்த இரண்டு தகர மூடிகள் இருந்தால் அது 803, 948 அல்லது 1098. மூடி இல்லாமல் வார்ப்பு மொழுக்கென்று இருந்தால் பெரும்பாலும் 1275. கூப்பர் எஸ் 1275இல் மூடி உண்டு, ஆனால் அது மினியின் குறுக்கு எஞ்சின். மைனருக்குள் தற்செயலாக வந்திருக்க வழியில்லை.

948ஆ 1098ஆ என்பதில் குழப்பம் என்றால் ஸ்ரோக்கை அளக்க வேண்டும். பிளக் துளையால் கம்பி விட்டு அளக்கலாம் என்று பலர் முயல்வார்கள். ஏ-சீரிஸில் பிளக் பக்கவாட்டில் சரிந்து இருக்கிறது. கம்பி நேராக இறங்காது, பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையில் சிக்கி வளையும். எப்படியும் ஹெட் கழற்றப் போகிறீர்கள் என்றால் அதுவரை பொறுத்து, ஆழம் அளக்கும் வேர்னியரால் மேலும் கீழும் அளவுங்கள். 76 வந்தால் 948, 83க்கு மேல் வந்தால் 1098.

அவசரமாகத் தெரியவேண்டும் என்றால் கியர்பொக்ஸ் உதவும். கோது மொழுக்காக இருந்தால் 948 காலத்தது. பக்கங்களில் விலா எலும்பு மாதிரி வரிகள் ஓடினால் 1098 காலத்தது. இதுவும் மாற்றப்பட்டிருக்கலாம், ஆனால் கிளச்சைத் தீர்மானிப்பது இதுதான்: 948க்கு 6¼ அங்குலத் தட்டு, 1098க்கு 7¼ அங்குலம். 948 காருக்கு 1098 எஞ்சின் வாங்கும்போது கியர்பொக்ஸையும் சேர்த்து வாங்குங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

கடைசியாக ஹெட். றொக்கர் மூடியைக் கழற்றினால் வால்வ் ஸ்பிறிங்குகளுக்கு இடையில் வார்ப்பு இலக்கம் தெரியும். 2ஏ629 என்றால் 948 ஹெட். இன்லெற் வால்வ் 27.8 மிமீ, எரியறை சுமார் 24.5 சிசி. 12ஜி202 என்றால் 1098 ஹெட், இன்லெற் 29.4 மிமீ. 12ஜி295 என்றால் உங்களுக்கு முதல் இருந்தவர் விசயம் தெரிந்தவர்: எம்ஜி 1100, மினி கூப்பர் 998 வரிசையில் வந்த ஹெட் அது, இன்லெற் 31 மிமீ, எரியறை சுமார் 28 சிசி. 12ஜி940 என்றால் 1275இனது, இன்லெற் 33.3, எக்ஸோஸ்ற் 29.2 மிமீ.

ஸ்பனர் பற்றி ஒன்று. இந்த எஞ்சினின் நட்டுகள் அங்குல அளவு. ஹெட் நட்டு 9/16 அங்குலம், அதாவது 14.3 மிமீ. 14 ஸ்பனர் ஏறாது, 15 ஏறி மூலையை வழிக்கும். 7/16, 1/2, 9/16 சொக்கெற் மூன்றும் இல்லாமல் வேலையைத் தொடங்கவேண்டாம்.

செலவழிக்க முதல் பரிசோதனை

எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, அக்ஸிலேற்றரை முழுதாக அமத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராகக் கம்பிரெஷன் எடுங்கள். நல்ல 1098 ஒன்று 150 பிஎஸ்ஐயை ஒட்டிக் காட்டும். ஆனால் தனி இலக்கத்தைவிட நான்குக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். 15க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேடுங்கள். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப எடுங்கள். ஏறினால் றிங்கும் போரும், ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் ஒன்றாகக் குறைந்திருந்தால் இடையில் கஸ்கெற் போயிருக்கிறது.

நாலும் ஒரே மாதிரி, ஆனால் எல்லாமே குறைவு என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. கூடிய கம்பிரெஷனில் அது தட்டும். அதற்காக யாராவது கம்பிரெஷனைக் குறைத்து வைத்திருக்கலாம். ஹெட்டைக் கழற்றும்போது கஸ்கெற்றின் தடிப்பையும் எண்ணிக்கையையும் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினுக்கு இன்னொரு பழுதும் இருக்கும்: எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைக் கரைத்ததால் பெயறிங்குகள் தேய்ந்திருக்கும்.

ஒயில் அழுத்தம்: சூட்டில், ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ, ஐடிலில் 15. ஓட்டத்தில் 40க்குக் கீழே நின்றால் ஹெட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள், முதலில் கீழ்ப்பகுதியைத் திறக்கவேண்டும்.

பின் பக்கத்தால் ஒயில் வடிவது இந்த எஞ்சினின் பிறவிக் குணம். கிராங்கின் பின்முனையில் றபர் சீல் கிடையாது. ஒரு சுருள் வெட்டு ஒயிலைத் திருப்பி உள்ளே அனுப்புகிறது, அவ்வளவுதான். உள்ளே காற்றழுத்தம் ஏறினால் அது தோற்றுவிடும். ஆகவே வடிகிறது என்று எஞ்சினை இறக்க முதல் பிறீதர் குழாயைக் கழற்றி ஊதிப்பாருங்கள். அடைத்துக்கிடக்கும் பிறீதரைத் துப்புரவாக்கியதோடு நின்றுபோன ஒழுக்குகள் நிறைய.

முதல் மேம்படுத்தல்: தண்ணீர்

வலுவைக் கூட்டினால் சூடு கூடும். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கேத்தலுக்குள் படியும் அதே வெள்ளைப் படிவம் புளொக்குக்குள்ளும் படிகிறது. முக்கியமாக நாலாம் சிலிண்டரைச் சுற்றி, புளொக்கின் பின்கோடியில் சேறும் துருவும் சேர்ந்து கட்டியாகிவிடும். புளொக்கின் பக்கத் துளைகளை அடைத்திருக்கும் கோர் பிளக்குகளைக் குத்திக் கழற்றி, கம்பியால் கிண்டி, இரண்டு பக்கமும் தண்ணீர் அடித்துக் கழுவவேண்டும். றேடியேற்றரை மட்டும் கழுவுவது பாதி வேலை. திரும்ப நிரப்புவது வடித்த தண்ணீரும் கூலன்றும், அல்லது வடிகட்டிய மழைத்தண்ணீரும் கூலன்றும்.

வோட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் ஒரு விரல் நீளத்தில் ஒரு பைபாஸ் ஹோஸ் இருக்கிறது. இந்த எஞ்சினில் ஆளைத் தெருவில் விடுவது பெரும்பாலும் அதுதான். ஹெட்டைக் கழற்றும்போது பழையது நல்லதுபோல் தெரிந்தாலும் புதியது போடுங்கள்; ஹெட் பூட்டிய பிறகு அதை நுழைப்பது விரல்தோலை உரிக்கும் வேலை. தேர்மோஸ்ற்றாற்றைக் கழற்றி எறிவது எங்கள் ஊர்ப் பழக்கம். 74 அல்லது 82 பாகை ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, ஒயிலில் தண்ணீர் நிற்கும், போர் தேயும்.

இரண்டாவது: தீப்பொறி

1098இல் பெரும்பாலும் லூக்காஸ் 25டி4 டிஸ்றிபியூற்றர் இருக்கும். நடுத்தண்டைப் பிடித்து ஆட்டிப்பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் பொயின்ற் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொன்று. புதிய பொயின்ற் போட்டும் பலனில்லை, புஷ் மாற்றவேண்டும். பொயின்ற் 0.35 முதல் 0.40 மிமீ, பிளக் 0.64 மிமீ. பிளக் நீள மறையுள்ளது, என்ஜிகே பிபி6ஈஎஸ் பொருந்தும். எரியும் ஒழுங்கு 1-3-4-2.

இலத்திரனியல் பொறி போடுவது பயனுள்ள மாற்றம். ஆனால் மைனர் பிறந்தது பொசிற்றிவ் ஏர்த்துடன், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். நெகற்றிவ் ஏர்த் மொடியூலை அதில் இணைத்தால் ஒரு நொடியில் எரியும். காரின் இப்போதைய நிலையைப் பற்றரியில் பார்த்து உறுதிப்படுத்திவிட்டு வாங்குங்கள். அல்ற்றனேற்றர் போடும் எண்ணம் இருந்தால் முதலில் முழுக் காரையும் நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றிவிடுவது புத்தி.

ரைமிங் குறிகள் செயின் மூடியின் அடியில் இருக்கின்றன. நீளமான முள் மேல்முடக்கம் (பிஸ்டன் உச்சத்தில் நிற்கும் இடம்), மற்ற இரண்டும் 5, 10 பாகைகள். மேலிருந்து தெரியாது, கப்பியின் வெட்டில் வெள்ளைப் பெயின்ற் தொட்டுவிட்டுக் கீழிருந்து பார்க்கவேண்டும். 1098க்கு நின்ற நிலையில் 3 பாகை முன் என்பது தொழிற்சாலை அளவு.

மூன்றாவது: ஹெட்

ஏ-சீரிஸின் மூச்சுத்திணறல் ஹெட்டில்தான். நாலு சிலிண்டருக்கு ஐந்தே ஐந்து வாய்கள்: இன்லெற் இரண்டு, எக்ஸோஸ்ற் மூன்று. நடு எக்ஸோஸ்ற் 2ஆம் 3ஆம் சிலிண்டர்களுக்குப் பொது. இதை மாற்ற முடியாது. வால்வையும் வாயையும் பெருப்பிக்கலாம், கம்பிரெஷனைச் சரியாக்கலாம்.

1098க்கு மிகப் பொருத்தமானது 12ஜி295. நேராகப் பூட்டலாம், வால்வ் எங்கும் இடிக்காது. 948இலும் பூட்டலாம், ஆனால் எரியறை பெரிதாகையால் கம்பிரெஷன் விழும்; ஹெட்டைச் சீவாமல் போட்டால் கார் முன்னரைவிட மந்தமாகும். 12ஜி940 இன்னும் பெரிது, ஆனால் அதன் எக்ஸோஸ்ற் வால்வ் 1098இன் போர் விளிம்புக்கு வெளியே இறங்குகிறது. புளொக்கின் மேற்பரப்பில் வால்வுக்குப் பள்ளம் வெட்டாமல் பூட்டினால் முதல் சுற்றிலேயே வால்வ் வளையும்.

ஹெட் கழற்றுவது:

1. றேடியேற்றரையும் புளொக்கையும் முழுதாக வடியுங்கள். றொக்கர் தண்டைப் பிடிக்கும் எட்டு நட்டுகளில் நாலு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. றொக்கரை மட்டும் கழற்றுகிறேன் என்று தண்ணீர் வடிக்காமல் அவற்றை இளக்கினால் கஸ்கெற் தளர்ந்து தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கும்.
2. அந்த நாலையும் வெளியே உள்ள ஐந்தையும் சேர்த்து ஒன்பதையும் சுற்றிச் சுற்றி அரை அரைச் சுற்றாக இளக்குங்கள். ஒரேயடியாக ஒரு பக்கத்தைக் கழற்றினால் ஹெட் நெளியும்.
3. புஷ்றொட்டுகளை உடனே தூக்காதீர்கள். ஒவ்வொன்றாகச் சுழற்றி, அடியில் கேமில் ஏறி இறங்கும் டப்பெற் ஒட்டிக்கொண்டு வராமல் விடுவித்து எடுங்கள். ஒரு காட்போட்டில் எட்டு ஓட்டை போட்டு ஒழுங்காகக் குத்திவையுங்கள்.
4. ஹெட் வராவிட்டால் ஸ்குறூ டிறைவரால் நெம்பவேண்டாம். பிளக்குகளைப் பூட்டி எஞ்சினைச் சுற்றினால் கம்பிரெஷனே கிளப்பிவிடும்.

கழற்றிய ஹெட்டைப் பட்டறைக்குக் கொடுக்கமுதல் வெடிப்புப் பாருங்கள். இன்லெற்றுக்கும் எக்ஸோஸ்ற்றுக்கும் இடையிலுள்ள பாலத்தில்தான் இது வெடிக்கும். வெடித்த ஹெட்டுக்கு வால்வ் சீற் போட்டுக் காசைக் கரைக்கவேண்டாம். நல்லது என்றால் எக்ஸோஸ்ற் நாலுக்கும் கடின உருக்குச் சீற் போடச்சொல்லுங்கள். பழைய பெற்றோலில் ஈயம் இருந்தது, அது சீற்றுக்கு மெத்தை மாதிரி. இலங்கையில் 2002இலும் இந்தியாவில் 2000இலும் ஈயம் நிறுத்தப்பட்டது. வெறும் வார்ப்பிரும்புச் சீற்றில் வேகமாக ஓடினால் வால்வ் மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் புதைந்து டப்பெற் இடைவெளி இல்லாமல் போகும். கைட் புஷ்களையும் இதே தடவையில் மாற்றுங்கள்.

எவ்வளவு சீவுவது? கண்மதிப்பில் ‘20 தௌ எடு’ (தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று) என்று சொல்வதுதான் பல ஹெட்டுகளைக் கெடுத்தது. கணக்கு எளிது. 1098இன் ஒரு சிலிண்டர் 274 சிசி. அதை எரியிடத்தின் மொத்தக் கொள்ளளவால் பிரித்து ஒன்றைக் கூட்டினால் கம்பிரெஷன் விகிதம். எரியிடம் என்பது மூன்றின் கூட்டு:

எரியறை: ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கும் வால்வும் பூட்டி, விளிம்பில் கிறீஸ் பூசி, ஒரு துளையிட்ட பேர்ஸ்பெக்ஸ் துண்டை ஒட்டி, மருந்துச் சிறிஞ்சால் மெல்லிய ஒயிலை விட்டு அளவுங்கள். பிஸ்டன் பள்ளமும் புளொக் ஆழமும்: பிஸ்டனை மேல்முடக்கத்தில் நிறுத்தி, சுற்றிவர கிறீஸ் பூசி, அதே பேர்ஸ்பெக்ஸால் அதே மாதிரி. கஸ்கெற்: அமத்திய பிறகு உள்ள தடிப்பை அதன் வாயின் பரப்பால் பெருக்குங்கள், 0.8 மிமீ தடிப்பு, 66 மிமீ வாய் என்றால் 2.7 சிசி.

ஓர் உதாரணம்: எரியறை 28, பிஸ்டன் பள்ளமும் ஆழமும் 5, கஸ்கெற் 2.7. மொத்தம் 35.7; விகிதம் 8.7. அதை 9க்குக் கொண்டுவர மொத்தம் 34.3ஆக வேண்டும், அதாவது ஒவ்வொரு அறையிலும் 1.4 சிசி குறையவேண்டும். பிறகு சிறிஞ்சால் 1.4 சிசி குறைத்து விட்டு, ஒயில் மட்டம் விளிம்பில் இருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று ஆழமானியால் அளந்தால் சீவவேண்டிய தடிப்பு கையில். 92 ஒக்ரேன் பெற்றோலுக்கு 9க்கு மேலே போகவேண்டாம். 95 மட்டுமே அடிப்பவர் 9.3 வரை போகலாம். அதற்குமேல் மத்தியான வெய்யிலில் ஏற்றத்தில் தட்டும். அந்தத் தட்டு பிஸ்டன் தலையில் விழும் சுத்தியல்.

பூட்டும்போது புளொக்கின் மேற்பரப்பு, ஸ்டட் மறைகள் எல்லாம் துப்புரவாக இருக்கவேண்டும். ஸ்டட்டைச் சுற்றி புளொக் மேலெழும்பியிருந்தால் அரத்தால் சமப்படுத்துங்கள். கஸ்கெற் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் இந்தச் சிறு மேடுதான். நடுவில் இருந்து வெளியே போகும் ஒழுங்கில் 15, 30, 40 இறாத்தல்-அடி என்று மூன்று தடவையாக இறுக்குங்கள். 40 என்றால் 54 நியூற்றன் மீற்றர். றொக்கரின் சிறிய நட்டுகள் 25. டப்பெற் இடைவெளி குளிரில் 0.30 மிமீ. ஒன்பது விதி வேலையைச் சுருக்கும்: எட்டாம் வால்வ் முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றை அளவு வையுங்கள், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டை, கூட்டினால் எப்போதும் ஒன்பது.

காபரேற்றரும் எக்ஸோஸ்ற்றும்

1098இல் வந்தது எஸ்யு எச்எஸ்2, வாய் 1¼ அங்குலம், ஏஎன் ஊசி. ஹெட் மட்டும் மாற்றினால் இதுவே போதும், ஊசியை மட்டும் ஒரு படி கொழுப்பானதாக, அதாவது பெற்றோல் சற்றுக் கூட விடுவதாக, மாற்றவேண்டிவரலாம். ஹெட்டுடன் மூன்று கிளை எக்ஸோஸ்ற் மானிபோல்ட்டும் வந்தால் 1½ அங்குல எச்எஸ்4க்கு நியாயம் உண்டு. 948இல் தனியே எச்எஸ்4 போடுவதால் சத்தம் கூடும், வேறொன்றும் இல்லை.

எச்எஸ்2ஐ அடிநிலைக்குக் கொண்டுவர: ஜெற்றின் கீழுள்ள ஆறுபக்க நட்டை முழுதாக மேலே ஏற்றி, அங்கிருந்து 12 பக்கம், அதாவது இரண்டு சுற்று இறக்குங்கள். காபரேற்றரின் மேல் உள்ள டாஷ்பொட் கிண்ணத்தில் எஸ்ஏஈ 20 ஒயில். எஞ்சின் சூடான பிறகு காபரேற்றரின் பிஸ்டனை ஒரு மிமீ அளவு மெல்லத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை கொழுப்பு. விழுந்து நிற்கப் பார்த்தால் கலவை மெலிவு. ஒருகணம் சற்று ஏறிப் பழையபடி வந்தால் சரி. இவ்வளவும் செய்தும் ஐடில் நிலைக்கவில்லை என்றால் துறொட்டில் தண்டு தேய்ந்து பக்கத்தால் காற்று இழுக்கிறது. அதில் கொஞ்சம் ஒயில் தடவிப் பாருங்கள், ஐடில் மாறினால் அதுதான்.

தமிழ்நாட்டில் இந்தக் காரை வைத்திருப்பவர்கள் 20 சதவீத எதனோல் பெற்றோலுக்கு எரிபொருள் ஹோஸ்களையும் மிதவை அறை றபர்களையும் எதனோல் தாங்கும் வகைக்கு மாற்றவேண்டும். பழைய றபர் ஊதி, பிய்ந்து, ஜெற்றை அடைக்கும்.

கேம்ஷாப்ற், செயின்

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாப்ற்றை வலுக்கூடியதாக மாற்றினால் கீழ் வேகத்து இழுவை குறையும். ஊருக்குள் ஓடும் காருக்கு நாங்கள் அதைச் சொல்வதில்லை. கட்டாயம் வேண்டும் என்றால் இரண்டு விசயம் பாருங்கள். ஒன்று, கேமின் பின்முனை ஒயில் பம்பைச் சுற்றும் விதம்: பின், வெட்டு, நட்சத்திரம் என்று மூன்று உண்டு, பம்புடன் பொருந்தாவிட்டால் ஒயில் ஓடாது. இரண்டு, பழைய டப்பெற்றைப் புதிய கேமில் போடவே கூடாது. முதல் ஸ்ராட்டில் ஐடிலில் விடாமல் 20 நிமிடம் 2,000க்கு மேல் ஓடவிடவேண்டும். ஐடிலில் கேமுக்குத் தெறிக்கும் ஒயில் போதாது. பக்க மூடியுள்ள புளொக்கில் டப்பெற்றை அந்த வழியால் எடுக்கலாம். மூடியில்லாத 1275இல் எஞ்சினைக் கவிழ்த்து, கேமை இழுத்த பிறகுதான்.

கேமைச் சுற்றும் ஒற்றைச் செயினை இரட்டைச் செயினாக்குவது மலிவான, நல்ல வேலை. ஒரு சிக்கல் மட்டும் உண்டு: இரட்டைப் பல்லுக்குப் பின்னால் முன் தட்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளின் தலை உரசும். அந்த இரண்டையும் தட்டுக்குள் அமிழும் சரிந்த தலை ஸ்குறூவாக மாற்றவேண்டும்.

கீழ்ப்பகுதி

அளந்து பார்த்தால் தேவை தெரியும், ஆசைக்குத் திறக்கவேண்டாம். பிஸ்டன் 10, 20, 30, 40 தௌ ஓவர்சைஸில் வரும். 1098ஐ 60 வரை போர் பண்ணுவதும் உண்டு. அப்போது 1,150 சிசியை ஒட்டி வரும். புதிய றிங்கை போருக்குள் தனியே விட்டு இடைவெளி அளவுங்கள்: 0.18 முதல் 0.30 மிமீ. குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி உடையும்.

பிஸ்டனை றொட்டோடு இணைக்கும் பின்னைப் பிடிப்பதில் மூன்றும் மூன்று விதம், இதுவும் ஓர் அடையாளம். 948இல் றொட்டில் ஒரு போல்ட் பின்னை நெரித்துப் பிடிக்கும். 1098இல் பின் சுதந்திரம், இரண்டு பக்கமும் வளையக் கிளிப். 1275இல் அமத்தி ஏற்றியது. வீட்டில் கழற்ற முடியாது.

மெயின் பெயறிங் போல்ட் 60 இறாத்தல்-அடி, பிக் எண்ட் 35, கிராங்கின் நீளவாட்டு ஆட்டம் 0.05 முதல் 0.08 மிமீ. மைனரின் 1098 கிராங்குக்கு மெயின் ஜேர்னல் 1¾ அங்குலம்தான், தாங்குவதும் மூன்றே இடத்தில். நீள ஸ்ரோக்குடன் இதை 5,500க்கு மேல் தொடர்ந்து சுற்றினால் கிராங் நடுவில் வளைந்து மெயினை அடிக்கும். எஞ்சின் இலக்கம் 10சிசி (10CC) என்று தொடங்கும் மிட்ஜெற்றின் 1098இல் 2 அங்குலம். அது கிடைத்தால் விடாதீர்கள்.

1275 மாற்றம் பற்றிச் சுருக்கமாக: 2 அங்குல மெயின். மிட்ஜெற்றினது என்றால் 65 குதிரை வலு, பெரிய வெட்டுக்கொத்து இல்லை. மரீனாவினது என்றால் பின் தட்டு, முன் தட்டு, சம்ப், டிப்ஸ்ரிக் இடம் நாலையும் பழைய எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே காசு கொடுங்கள். மினியின் குறுக்கு எஞ்சின் மலிவாகக் கிடைத்தாலும் அதை நெடுக்கில் வைக்கும் செலவில் இன்னொரு எஞ்சின் வாங்கலாம்.

எது போட்டாலும் பிறேக் முதலில். 948 காரின் முன் டிறம் 7 அங்குலம், 1098இனது 8. குறைந்தது அந்த 8 அங்குலத்துக்காவது மாறாமல் 48 குதிரையைக் கட்டவேண்டாம். பின்னச்சு விகிதமும் அப்படித்தான்: 948இல் 4.55, 1098இல் 4.22. 80 கிமீ வேகத்தில் முதலாவது சுமார் 3,300 சுற்று, இரண்டாவது 3,050.

ஓட்டிப் பழக்குதல்

20டபிள்யு-50 மினரல் ஒயில் 3.7 லீற்றர், பில்ரருடன் சேர்த்து. பிளக் இல்லாமல் ஸ்ராட்டரால் சுற்றி ஒயில் அழுத்தம் வந்தபிறகுதான் பொறி கொடுக்கவேண்டும். முதல் 800 கிலோமீற்றர் 70க்கு மேல் போகாமல், ஆனால் ஒரே வேகத்திலும் நிற்காமல் ஓடுங்கள். பிறகு ஒயில் மாற்றி, குளிர்ந்த எஞ்சினில் ஹெட் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்று இளக்கித் திரும்ப 40க்கு இறுக்கி, டப்பெற்றைத் திரும்ப அளவு வையுங்கள். ஹெட் இறுகினால் டப்பெற் இடைவெளி குறையும்.

வேலை முடிந்த கையோடு ஒரு தடித்த கடதாசியில் இவற்றை எழுதி, பிளாஸ்ரிக்கில் சுற்றி, சேர்விஸ் புத்தகத்துக்குள் வையுங்கள்: எஞ்சின் இலக்கம், போர் ஓவர்சைஸ், மெயின் மற்றும் பிக் எண்ட் அண்டர்சைஸ், ஹெட் வார்ப்பு இலக்கம், எரியறை சிசி, எவ்வளவு சீவியது, காபரேற்றர் ஊசி, கிளச் அளவு, பின்னச்சு விகிதம், ஏர்த் எந்தப் பக்கம்.